மெதுவாக வந்த தண்ணீர்

இன்சூரன்ஸ் சர்வேயர் சத்தியசீலன் கமலவேணி வீட்டு ஈரச் சுவரை நகத்தால் சுரண்டினார். காரை பொலபொலவென உதிர்ந்தது. “குழாய் திடீர்னு வெடிச்சிருந்தா இன்சூரன்ஸ்ல கிடைக்கும்மா. இது மாசக்கணக்கா கசிஞ்ச தண்ணி. கிடைக்காது.” அவள் முகத்தைக்கூடப் பார்க்காமல் எழுதிக்கொண்டு போனார். சுவரோர அலமாரியில், ரவிக்கை தைக்க ஊரார் கொடுத்திருந்த கல்யாணப் பட்டுகள் பூஞ்சை பிடித்துக் கிடந்தன. அதோடு அவள் தையல் தொழில் படுத்தது. மூன்று வருடம் கழித்து அதே சத்தியசீலன் அடுக்குமாடியில் அவள் வீட்டுக்கு நேர் கீழ் வீட்டை வாங்கினார். அவருக்கு அவளை அடையாளம் தெரியவில்லை. பால் காய்ச்சுகிறோம், அவசியம் வரணும் என்று மாடியேறி வந்து கூப்பிட்டார். அவளும் போய்ப் பாலைக் குடித்தாள். பெயிண்ட் மணக்கும் சுவர்களைச் சுற்றிப் பார்த்தாள். மறுநாள், தன் சமையலறையில் சுவருக்குள் போகும் குழாயின் நட்டை ஸ்பேனரால் கொஞ்சமாகத் தளர்த்தினாள். சொட்டு வேகமெடுத்தால் இறுக்கினாள், நின்றுபோனால் தளர்த்தினாள். அவசரப்படவே இல்லை. எட்டாம் மாதம் அவர் மேலே வந்தார். “எங்க வீட்டுச் சுவரெல்லாம் ஊறிப்போச்சும்மா, கொஞ்சம் வந்து பாருங்க.” கீழே போனவள் அந்தச் சுவரில் நகத்தை வைத்துச் சுரண்டினாள். காரை உதிர்ந்தது. “திடீர்னா வந்துச்சு சார்?” என்று கேட்டாள். அப்போதுதான் அவர் நிமிர்ந்து அவள் முகத்தைப் பார்த்தார்.