இந்த முகவரி ஏற்கெனவே உள்ளது

"என்ன பிள்ளை, உங்கட தோட்டத்து ஆக்களுக்கு ஒரு படிவம் நிரப்பவும் தெரியாதோ?"

தர்மராசா சேர் கேட்டது விஜிதாவிடம்தான். ஆனால் பதுளையிலிருந்த அந்தக் கணினிப் பயிற்சி நிலையத்தின் வரவேற்பறையில் உட்கார்ந்திருந்த எட்டுப் பேருக்கும் கேட்கும்படி கேட்டார். நிலையத்தின் இணையத்தளத்தை உருவாக்கியவர் அவர். 2008ஆம் ஆண்டுச் சேர்க்கைக்கு அதில் மட்டுமே விண்ணப்பிக்கலாம் என்று சட்டம் போட்டவரும் அவரே. தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைகளுக்கு விடுதியோடு ஒரு வருட இலவசப் படிப்பு. முடிவு நேரம் இன்று மாலை நான்கு மணி.

"மூணு நாளா இத்ரூஸ் நானாட இன்டர்நெட் கடையில இருந்து போட்டுப் பாத்தேங்க சேர். அனுப்புனா, 'இந்த முகவரி ஏற்கெனவே உள்ளது'ன்னு வருது. ஏறவே மாட்டேங்குது."

"மூண்டு நாளோ? எங்கட யாழ்ப்பாணத்திலை எண்டால் ஏழாம் வகுப்புப் பெடியன் மூண்டு நிமிசத்திலை நிரப்பிப்போடுவான்!"

யாழ்ப்பாணத்தை இழுக்காமல் அவருக்கு ஒரு பேச்சும் முடியாது. பதுளைத் தேயிலையில் ஊற்றிய தேநீரைக் குடித்துக்கொண்டே, யாழ்ப்பாணத்துக் கோப்பிதான் கோப்பி என்பார்.

அடையாள அட்டை இலக்கம் பிழை என்றார். பார்த்தார்கள், சரியாகவே இருந்தது. பொத்தானை இரண்டு தரம் அழுத்தியிருப்பாய் என்றார். தரவுப் பிரிவில் வேலை பார்க்கும் நளீரா தேடிப் பார்த்தாள். விஜிதாவின் பெயரில் ஒரு பதிவும் இல்லை. தன் தளத்தில் கோளாறு இருக்கலாம் என்பது மட்டும் அந்த வாயிலிருந்து வரவில்லை. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். இவருக்கு விண்ணப்பிக்க வந்த சனமே கோணல்.

"சேர், ஒரு முகவரிய ஒரு தரம்தான் ஏத்துற மாதிரி வச்சிருக்கீங்க," என்றாள் நளீரா. "அதே முகவரி திரும்ப வந்தா தரவுத்தளம் தள்ளி விடுது."

"வேணுமெண்டுதான் அப்பிடி வச்சனான். ஒரு வீட்டுக்கு ஒரு விண்ணப்பம். இல்லாட்டி இவை ஆளுக்குப் பத்துப் போடுவினம்."

"எங்களுக்கு வீட்டு நம்பர் கெடையாதுங்க சேர், வீட்டு வரிசை முழுசுக்கும் சேத்து லயத்துக்குத்தான் நம்பர். ஏழாம் லயத்துல பன்னெண்டு குடும்பம் இருக்கு. எல்லாருக்கும் கடுதாசி அந்த ஒரே அட்ரஸுக்குத்தான் வருது."

"பன்னிரண்டு குடும்பத்துக்கு ஒரு விலாசமோ! மாட்டுக் கொட்டிலிலையும் இதைவிட ஒரு ஒழுங்கு இருக்கும்."

இரண்டு பேர் சிரித்தார்கள். விஜிதாவுக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. நறுக்கென்று நாலு வார்த்தை கேட்டிருப்பாள். ஆனால் மணி மூன்றே முக்கால். இந்த இடம் கை நழுவிப் போனால் திங்கட்கிழமை கொழுந்துக் கூடைதான். அம்மா தோட்டத்துக் கணக்கப்பிள்ளையிடம் அவள் பெயரையும் கொடுத்தாயிற்று.

"எங்க லயத்துல ஏ.எல். பாஸ் பண்ணுனது நான் ஒருத்திதாங்க சேர். வேற யாரும் போட்டிருக்க மாட்டாங்க."

"அப்ப ஆர் போட்டது, பேயோ? உங்கட ஆக்களுக்குள்ளையே ஒருத்தரை ஒருத்தர் சுத்திப்போட்டு, பழியை என்ரை தளத்திலை போடுறியள். நளீரா, அந்த விலாசத்திலை கிடக்கிற பதிவை எடும். சத்தமா வாசியும். எந்தக் கள்ளன் எண்டு எல்லாரும் கேக்கட்டும்."

நளீரா தேடி எடுத்தாள். திரையைப் பார்த்தவள் சேரைத் திரும்பிப் பார்த்தாள்.

"வாசியும் எண்டெல்லோ சொன்னனான்!"

"விண்ணப்ப இலக்கம் ஒன்று," என்று வாசித்தாள் நளீரா. "தளத்தத் திறக்க முந்தி, வேலை செய்யுதான்னு சோதிக்கப் போட்ட பதிவு. பிறந்த இடம், நிரந்தர முகவரி ரெண்டும் ஏழாம் லயம், மேல் டிவிஷன், ஸ்பிரிங்வெளித் தோட்டம். பெயர்..." அவள் குரலைத் தாழ்த்தவில்லை. "கருப்பையா தர்மராசா. சேர், இத அழிச்சா இந்தப் புள்ளட விண்ணப்பம் இப்பவே ஏறும். அழிக்கவா?"

இந்தத் தடவை ஒருவரும் சிரிக்கவில்லை. எட்டுப் பேரும் தர்மராசா சேரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர் கைக்குட்டையை எடுத்துக் கழுத்தைத் துடைத்தார்.

"வெரசா அழிச்சிருங்க புள்ள," என்றார், அச்சு அசல் ஸ்பிரிங்வெளித் தமிழில்.