சாஸ் ஊற்றினால் சீனா

2025 ஜனவரி 21 அன்று, பட்டுக்கோட்டைக்கு அருகே நெடுஞ்செழியனின் ஆலையில், அரிசியிலிருந்து கறுத்த மணிகளைப் பொறுக்கித் தள்ளும் சீன இயந்திரம் நின்றுபோனது. அதைப் பார்க்க, கம்பெனி லின் என்பவரை அனுப்பியது.

காரிலிருந்து இறங்கியவரின் முகத்தைப் பார்த்ததுமே நெடுஞ்செழியன் கைவசம் இருந்த ஆங்கிலம் முழுவதையும் எடுத்துவிட்டார். "வெல்கம் இண்டியா சார். சைனா கிளைமேட் குட்?"

லின் ஒரு கணம் தயங்கினார். பிறகு, "குட்" என்றார்.

ஆலைக்குப் பின்னாலிருந்த வீட்டில், நெடுஞ்செழியனின் மனைவி சந்திரலேகாவுக்குக் கை ஓடவில்லை. மழையில் நனைந்த நெல்லைச் சரியாகக் காயவிடாமல் அரைத்து, அந்த ஈர அரிசியை இயந்திரத்தில் விட்டது அவள் புருஷன்தான். அது தெரிந்தால் வாரன்டி கிடையாது. அவளுடைய வளையல்கள் மறுபடியும் அடகுக்கடைக்குப் போகும்.

"அவரு ஊர்ச் சாப்பாடா போட்டுடு. மனுஷன் எளகிடுவாரு" என்று அடுப்படிக்கு வந்து நின்றார் நெடுஞ்செழியன்.

"ஃப்ரைடு ரைஸுக்கு ராத்திரி மிஞ்சின சோறுதான் நல்லதுன்னு யூட்யூப்புல சொன்னாங்கன்னு எடுத்து வச்சேன். படுக்கப் போறப்ப கைப்பழக்கத்துல தண்ணி ஊத்தித் தொலைச்சிட்டேங்க."

"பிழிஞ்சு போட்டு வறு. சாஸ் ஊத்துனா எல்லாம் சீனாதான்."

"மஞ்சூரியன் சப்புன்னு இருக்கு. சாம்பார்ப்பொடி கொஞ்சம் போடவா?"

"போடேன். அவங்களும் உப்பு, ஒறைப்பு திங்கிறவங்கதானே."

வாழையிலை போட்டு, பக்கத்தில் சாப்ஸ்டிக்குக்குப் பதிலாகத் தென்னை ஈர்க்கு இரண்டைச் சீவி வைத்தாள். லின் ஈர்க்குகளை மெல்ல ஒதுக்கிவிட்டு, இலையில் தண்ணீர் தெளித்துத் துடைத்துக்கொண்டார்.

"பாத்தீங்களா, நம்ம பழக்கத்தையெல்லாம் யூட்யூப்புல பாத்துட்டு வந்திருக்காரு" என்று வியந்தாள் சந்திரலேகா.

ஃப்ரைடு ரைஸ் கரண்டியிலிருந்து கட்டியாக விழுந்தது. லின் அதைக் கையால் உதிர்க்கப் பார்த்தார். உதிரவில்லை. உருட்டி வாயில் போட்டுக்கொண்டார்.

"ஏங்க, ஈர அரிசி விட்டதைக் கண்டுபிடிச்சிருவாரோ?"

"மூஞ்சியச் சிரிச்ச மாதிரி வச்சுக்கிட்டுப் பேசுடி. மெஷின் தானா நின்னுபோச்சுன்னு சொல்லியிருக்கேன். இவருக்கென்ன தெரியப்போவுது?"

"பாவம், பாம்பு தவளைன்னு சாப்பிடுற மனுஷன். நம்ம சோறு எறங்குதான்னு பாருங்க."

நெடுஞ்செழியன் லின்னைப் பார்த்துச் சிரித்தார். "சார், சேம் சைனா டேஸ்ட்?"

லின் இலையைத் தன் பக்கமாக மடித்துவிட்டு எழுந்தார். கை கழுவி வந்து, துண்டை வாங்கித் துடைத்துக்கொண்டு சந்திரலேகாவைப் பார்த்தார்.

"பழைய சோத்தைப் பிழிஞ்சு வறுத்தீங்களாக்கா?"

அவள் கையிலிருந்த கரண்டி அப்படியே நின்றது.

"நான் கும்பகோணத்துக்காரன்தாங்க. எங்க தாத்தா சீனாவுலேர்ந்து வந்து அங்க பல் டாக்டரா இருந்தவரு. சொல்லலாம்னுதான் பாத்தேன், சார் எங்க பேச விட்டாரு?"

வந்ததும் வாங்கி வைத்திருந்த வாரன்டி அட்டையைப் பையிலிருந்து எடுத்து, கையெழுத்துப் போடாமல் நெடுஞ்செழியனிடமே திருப்பிக் கொடுத்தார்.

"ஈர அரிசி சட்டிக்கும் ஆகாது, மெஷினுக்கும் ஆகாதுங்கக்கா."