ரவுட்டர் அக்காவின் இரண்டாவது விலாசம்

ஒரு ஆபீசில் கம்ப்யூட்டர்கள் பெருகி, பழைய நெட்வொர்க் விலாசங்கள் பற்றாமல் போயின. அதனால் எல்லாருக்கும் புது விலாசம் கொடுத்தார்கள். எல்லாருக்கும் இடையே தகவலைக் கொண்டுசேர்க்கும் ரவுட்டர் மட்டும் புதுசோடு பழசையும் வைத்துக்கொண்டது.

"ஒருத்திக்கு எதுக்குடி ரெண்டு விலாசம்?" என்று நக்கலடித்தது பிரிண்டர். பட்டன் உடைந்திருந்ததால் அதன் விலாசத்தை மட்டும் மாற்ற முடியவில்லை.

"அச்சு வரலைன்னா இன்னைக்கே இந்தப் பிரிண்டரைக் காயலான் கடையில போடுங்க," என்றார் மேனேஜர்.

புதுக் கம்ப்யூட்டர் ஒன்று கத்தியது: "ரவுட்டர் அக்கா, பிரிண்டர் எங்க இருக்குன்னே தெரியலயே!"

"பழைய விலாசத்துல இருக்கு. அந்தப் பக்கமும் எனக்கு வாசல் உண்டு. அடிக்க வேண்டியதை எங்கிட்ட குடு, நான் சேர்த்துடறேன்."

காகிதம் சரசரவென்று வெளியே வந்தது.

"அக்கா, அந்தப் பழைய விலாசத்தை அழிச்சிடாதீங்க, என்ன?" என்றது பிரிண்டர், மெதுவாக.

"அழிக்க மாட்டேன். நீ பேப்பரைச் சிக்க வைக்காம அடி, போதும்."