வீட்டில் கேட்டுச் சொல்கிறேன்

"இதோ பாரு மெஹர், இந்த ஏரியிலதான் ரெண்டு வருஷம் முன்னாடி ஒருத்தர் ஐஸ் உடைஞ்சு உள்ள போயிட்டாரு. பனி உருகினப்புறம்தான் எடுத்தாங்களாம்."

நஜ்முதீன் லேப்டாப்பை மனைவியின் பக்கம் திருப்பினான். கொத்தமல்லி ஆய்ந்துகொண்டிருந்த மெஹர் நிஷா எட்டிப் பார்த்துவிட்டு, "இடம் அழகா இருக்குங்க" என்றாள்.

அழகாமே.

சியரா மலையில் ஒன்பதாயிரம் அடிக்கு மேலே ஒரு ஏரி. ஜனவரியில் பாறை மாதிரி உறைந்து கிடக்குமாம். பனியில் நடந்தே அங்கே போய், கரையில் கூடாரம் அடித்து ஓர் இரவு தங்கிவிட்டு வருவது என்று ஆபீஸ் லஞ்சில் திருமூர்த்திதான் ஆரம்பித்தான். அனந்தராமன் உடனே "போலாமே" என்றான். இரண்டு பேரும் சேர்ந்து இவன் முகத்தைப் பார்க்கும்போது, ஆம்பூரில் மார்கழிப் பனிக்கே குரங்குக் குல்லா மாட்டிக்கொண்டு திரிந்த நஜ்முதீன் என்னதான் சொல்வான்? "ஜமாய்ச்சுடலாம்" என்று சொல்லித் தொலைத்தான்.

திருமூர்த்தி ஒரு விஷயத்தில் கறாராக இருந்தான். "மூணு பேரும் சேர்ந்து போனாத்தான் சேஃப். ஒருத்தர் வரலைன்னாலும் ட்ரிப் கேன்சல். எதுக்கும் வீட்ல கேட்டுட்டுச் சொல்லுங்கப்பா."

அதைக் கேட்ட பிறகுதான் நஜ்முதீனுக்கு மூச்சே வந்தது. வீட்டில்தான் மெஹர் இருக்கிறாளே. கார் ஃப்ரீவேயில் கொஞ்சம் வேகமாகப் போனாலே யாஸீன் சூரா ஓத ஆரம்பிக்கிறவள், பனிமலைக்கா விடுவாள்? அவள் கூடாது என்பாள். இவன் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு ஆபீஸுக்குப் போய், "எனக்கு ஆசைதான்டா, இவதான் விடமாட்டேங்கறா" என்பான். உயிரும் பிழைக்கும், கௌரவமும் பிழைக்கும். கல்யாணமான ஆம்பளைகள் காலம்காலமாகச் செய்துவருகிற காரியம்தானே.

ஆனால் இவன் கேட்டவுடனே அவள் "தாராளமாப் போயிட்டு வாங்க" என்றுவிட்டாள். அன்றிலிருந்து அவனுக்குத் தூக்கம் போயிற்று. கண்ணை மூடினால் காலுக்கடியில் ஐஸ் விரிசல் விடுகிறது. இவனுக்கோ நீச்சல் தெரியாது.

இன்று சனிக்கிழமை. விடக் கூடாது என்று உட்கார்ந்திருந்தான்.

"குளிர்ல விரல் கறுத்துப் போயிடுமாம் மெஹர். அப்புறம் வெட்டித்தான் எடுக்கணுமாம்."

"ரெண்டு சாக்ஸா போட்டுக்கோங்க."

"கரடியெல்லாம் இருக்கு."

"பனிக்காலத்துல அது தூங்குமாம். ஸ்கூல்ல சொல்லிக் குடுத்தாங்கன்னு ரிதா சொன்னா."

மகளும் காலை வாரிவிட்டாளா? நஜ்முதீன் குரலைத் தாழ்த்திக்கொண்டான். "செல்போன் சிக்னல் கெடையாது. மேலேர்ந்து பனி சரிஞ்சா அவ்ளோதான், ஆளையே தேட முடியாது. ஏதாவது ஆச்சுன்னா நீயும் ரிதாவும் இந்த ஊர்ல..."

"மவுத்து வரணும்னு இருந்தா, வீட்டுல சோபாவுல உக்காந்திருந்தாலும் வரும். கெளம்பறதுக்கு முன்னாடி ரெண்டு ரக்அத் தொழுதுட்டுப் போங்க."

நஜ்முதீன் தன்னை அறியாமல் சோபாவை விட்டு எழுந்துவிட்டான். இனி மானமாவது மண்ணாவது, உண்மையைச் சொல்லிவிட வேண்டியதுதான்.

"மெஹர், நெஜத்தைச் சொல்லணும்னா எனக்கு..."

"எனக்குத் தெரியும்." அவள் கொத்தமல்லியைத் தள்ளி வைத்தாள். "உங்களுக்கு ரொம்ப நாள் ஆசை. ஸ்கை டைவிங் போக ஆசை, பைக் வாங்க ஆசை, இவதான் விடமாட்டான்னு ஒவ்வொரு பார்ட்டியிலயும் சொல்றீங்க. போன மாசம் பாட்லக் விருந்துல அத்தனை பேர் சிரிச்சாங்க. நானும் சிரிச்சேன். வீட்டுக்கு வந்து பாத்ரூம்ல அழுதேன்."

நஜ்முதீன் லேப்டாப்பை மூடினான்.

"உங்க ஆசைக்கெல்லாம் நான்தான் குறுக்க நிக்கறேன்னு ஆயிடுச்சு. எனக்கும் பயமாத்தாங்க இருக்கு. ஆனா இனிமே ஒண்ணுக்கும் வேணாம்னு சொல்லமாட்டேன்." அவள் கண் கலங்கியிருந்தது. முந்தானையால் துடைத்துக்கொண்டு அடுப்பைப் பார்க்கப் போனாள்.

இதற்கப்புறம் எந்த வாயால் அவளிடம் பயமென்று சொல்வது? விளையாட்டாகச் சொன்னதெல்லாம் வினையாக வந்து நிற்கிறது. நிஜமாகவே போகத்தான் வேண்டும் போலிருக்கிறது.

அந்த நேரம் பார்த்து செல்போன் அடித்தது. திருமூர்த்தி.

நஜ்முதீன் பால்கனிக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டான். இவனிடமாவது சொல்லிவிடலாம். நாலு நாள் கேலி பண்ணுவான், பண்ணிவிட்டுப் போகட்டும். திட்டம் போட்டவனே அவன்தான், அவன் கையில் காலில் விழுந்தாவது தப்பித்துவிட வேண்டும்.

"மூர்த்தி, உங்கிட்ட ஒண்ணு சொல்லணும். சிரிக்கக் கூடாது."

"இரு நஜ்மு, மொதல்ல நான் கேட்டுடறேன்." திருமூர்த்தியின் குரல் கம்மியிருந்தது. "அனந்துக்கு அவன் வைஃப் புது ஜாக்கெட்டே வாங்கிக் குடுத்துட்டாங்களாம். இங்க என் வைஃப் கண்மணி காலையிலயே டென்ட்டை எடுத்து வெயில்ல காயப் போட்டுட்டா."

அந்தப் பக்கம் கதவைச் சாத்தும் சத்தம் கேட்டது.

"உன் வீட்டுலயாச்சும் வேணாம்னு சொன்னாங்களா?"