பழைய விலை

"சிகரெட்டே இல்லைன்னு சொல்லுதியளே அண்ணாச்சி, அந்தச் சாக்குக்குள்ள என்ன இருக்கு?"

ரோச் கேட்டதும் கடைக்காரர் மாசானத்தின் கால் அந்தச் சாக்கைப் பெஞ்சுக்கு அடியில் தள்ளியது. ரோச்சுக்கு அது போதும்.

முந்தின நாள் சாயங்காலம்தான் ரேடியோவில் பட்ஜெட் சொன்னார்கள். சிகரெட்டுக்கு மறுபடியும் வரி. காலையில் பார்த்தால் பீச் ரோட்டில் ஒரு கடையிலும் சிகரெட் கிடையாது. வருசா வருசம் இதே கூத்து. வரி ஒரு பைசா ஏறினால் கடையில் மூன்று பைசா ஏறும். பழைய வரி கட்டிய சரக்கெல்லாம் நாலு நாள் பதுங்கிக் கிடந்து, புது விலையில் வெளியே வரும். துறைமுகத்தில் சரக்குத் தூக்கும் வின்ச் ஓட்டும் ரோச் இதைச் சொல்லிச் சொல்லியே வீட்டில் மனைவி ஹில்டாவின் உயிரை வாங்குவான்.

மாசானம் மட்டும் அப்படிச் செய்யமாட்டார் என்று நம்பியிருந்தான்.

"அது துணி தொவைக்கிற சவுக்காரம்," என்றார் மாசானம், அவன் முகத்தைப் பார்க்காமல். "ஏஜென்ட் ஒரு வாரமா சிகரெட்டே எறக்கல."

"தெறந்து காட்டுங்க."

"வேற ஆளுக்குள்ள சரக்கு, ரோச். நான் தொடக்கூடாது."

"இப்பத்தான் சவுக்காரம்னிய. அதுக்குள்ள வேற ஆளு சரக்காயிட்டா? யாரு அந்த ஆளு?"

மாசானம் துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார்.

ரோச் ரோட்டைப் பார்த்துக் கத்தினான். "ஏலே மரியான்! எல்லாரையும் கூட்டிட்டு இங்கன வாலே!"

வேலைக்குப் போய்க்கொண்டிருந்த துறைமுகத்து ஆட்கள் கடையை வளைத்துக்கொண்டார்கள்.

"சொன்னாக் கேளும் ரோச்," மாசானம் குரலைத் தாழ்த்தினார். "பொறவு வருத்தப்படுவீரு."

"மெரட்டுதியளா?"

ரோச் கையை விட்டுச் சாக்கை வெளியே இழுத்தான். உள்ளே அத்தனையும் சிகரெட். அதுவும் அவன் குடிக்கிற அதே சிகரெட்! கூட்டம் ஊளையிட்டது.

"ஆளுக்கு ஒரு பாக்கெட்டு! பழைய விலைதான், ஒரு பைசா கூடக் குடுக்காதீங்க!"

ரோச்சே நின்று விற்றான். காசை வாங்கி மாசானத்தின் முன்னால் போட்டுக்கொண்டே இருந்தான். மாசானம் அதைத் தொடவில்லை. கடைசிப் பாக்கெட்டை மரியான் கேட்டபோது, தனக்கு வேண்டும் என்று சொல்ல ரோச்சுக்கு மனசு வரவில்லை. தூக்கிக் கொடுத்தான். ஆட்கள் அவன் முதுகில் தட்டிவிட்டுப் போனார்கள். சங்கத் தலைவனே ஆகிவிட்டதுபோல நெஞ்சு விரிந்தது.

கூட்டம் கலைந்ததும் காலிச் சாக்கை உதறிக் காட்டினான்.

"இப்பவாவது சொல்லுங்க அண்ணாச்சி. எந்தப் பதுக்கல்காரனுக்கு இப்படிப் பயந்து செத்திய?"

மாசானம் சில்லறையை அவன் பக்கமாகத் தள்ளினார்.

"இதை வீட்டுக்குக் கொண்டு போயிரும். நாளைக்கு உமக்குப் பொறந்தநாளுன்னு, வெலை ஏறுமுன்ன சீட்டுப் பணத்துல வாங்கி இங்கன வச்சிட்டு, மூச்சு விடக்கூடாதுன்னு எங்கிட்டச் சத்தியமும் வாங்கிட்டுப் போனது உம்ம ஹில்டாதான்."