ஏழாவது தாள்

நான் வீட்டில் ஆறு குழந்தைகளைப் பார்த்துக்கொள்கிறேன். படம் வரையத் தாள் தீர்ந்துபோன அன்று, பெரிய சிக்கனக்காரி மாதிரி, சேர்க்கைப் படிவங்களின் பழைய நகல்களை எடுத்து வெற்றுப் பக்கத்தில் வரையச் சொன்னேன். மாலையில் அவை ஆறு பைகளில் வீட்டுக்குப் போயின.

மறுநாள் காலை, சுருட்டைமுடிச் சிறுமியின் அம்மா, மகள் வரைந்த யானையைத் திருப்பிக் காட்டினார். பின்பக்கத்தில் வேறொரு குழந்தையின் விவரங்கள். 'குழந்தையை அழைத்துச் செல்லக் கூடாதவர்' என்ற இடத்தில் 'அப்பா' என்று எழுதியிருந்தது.

"இது எங்களுது இல்லக்கா. அப்போ எங்க வீட்டு விஷயம் யாரு பையில போச்சு?"

முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

அன்று மாலை ஆறு வீடும் ஏறி இறங்கினேன். யாரும் திட்டவில்லை. சிரித்தபடியே திருப்பிக் கொடுத்தார்கள்.

வந்து எண்ணினேன். ஏழு இருந்தன.

ஏழாவது தாளின் படத்தில், மூடிய கேட்டுக்கு வெளியே ஒரு பெண் நின்றாள். திருப்பினேன். என் கையெழுத்து. என் மகளின் பெயர், அவள் பிறந்த தேதி. எனக்கு ஒரு மகள் இருப்பதை இந்தத் தெருவில் யாரிடமும் சொன்னதில்லை. அழைத்துச் செல்லக் கூடாதவர் என்ற இடத்தில் 'அம்மா' என்று இருந்தது.

அதை எந்த வீட்டில் சிரித்துக்கொண்டே கொடுத்தார்கள் என்று எவ்வளவு யோசித்தும் நினைவுக்கு வரவில்லை.