வெறுங்காலின் உட்பொருள்

ஆகஸ்ட் ஒன்பதாம் தேதி காலை பதினொரு மணிக்கு, தொலைக்காட்சி நிலையத்தின் மூன்றாம் மாடிக்கு விமர்சகர் வரவழைக்கப்பட்டார். அந்த நிலையத்தின் அரண்மனைத் தொடரை அலசி இரண்டு வருடமாக ஒரு வார இதழில் பத்தி எழுதிவருகிறார். அந்தப் பத்திக்கு வேட்டு வைக்கத்தான் கூப்பிடுகிறார்கள் என்று நினைத்துக்கொண்டே மாடியேறினார்.

கதைப் பிரிவுத் தலைவர் நாற்காலியை இழுத்துப் போட்டார்.

"ராஜமாதா தோட்டத்துல வெறுங்காலோட நடந்ததை, 'பறிகொடுத்த மண்ணைப் பாதத்தால் விசாரிக்கிறாள்'னு எழுதியிருந்தீங்க."

"அது என்னோட பார்வை சார்."

"அன்னிக்கு அந்தம்மாவோட செருப்பு அறுந்துபோச்சு. அவ்வளவுதான்."

விமர்சகர் தண்ணீர் குடித்தார்.

"ஆனா அதைப் படிச்சுட்டு, மண்ணை மீட்கிற போரை நாப்பது பகுதி எடுத்தோம். கதாசிரியர் போன வருஷமே கோவிச்சுக்கிட்டுப் போயிட்டார். அதுலேருந்து உங்க கட்டுரையை வச்சுத்தான் கதை பண்றோம். மூணு வாரமா ஏன் சார் எழுதலை? ராஜமாதா ஜன்னலோரமா நின்னுக்கிட்டே இருக்கா."

"முதல் வாரம் எனக்குக் காய்ச்சல்."

"அப்புறம்?"

"அப்புறம் நீங்க பத்திரிகைக்கு அனுப்புற கதைச்சுருக்கம் வரலை."

"கட்டுரை வந்தாத்தானே கதை? கதை இருந்தாத்தானே சுருக்கம்? தொடரைப் பார்த்தே எழுதியிருக்கலாமே?"

விமர்சகர் இன்னொரு டம்ளர் தண்ணீர் கேட்டார்.

"ஒரு நாளாவது பார்த்திருக்கீங்களா சார்?"

"வீட்ல டிவி இல்லை."

தலைவர் எழுந்துபோய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

"நல்லதாப் போச்சு. நானும் பார்க்கிறதில்லை."

திங்கட்கிழமை முதல் விமர்சகர்தான் அந்தத் தொடரின் கதாசிரியர். விமர்சனப் பத்தியையும் அவரே தொடர்ந்து எழுதுகிறார்.